சிங்கப்பூர் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு: சாப்பாட்டை எப்படித் திட்டமிடுவது, சூழல் எப்படி இருக்கும்

கப்பல் பயணம் முடிந்து ஊருக்கு வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், அலுவலக நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அம்மா சுத்த சைவம், பிள்ளைகள் வேறு சின்னவர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான் சொல்வது சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்பும் 3 அல்லது 4 இரவுப் பயணங்களைப் பற்றி. பெரும்பாலும் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புபவை. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களை வைத்து எழுதுகிறேன். ஆன்தம், ஸ்பெக்ட்ரம், ஓவேஷன் எல்லாம் அந்த வகைதான். எந்தப் பருவத்தில் எந்தக் கப்பல் வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

டிக்கெட், பாஸ்போர்ட் விஷயங்களுக்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கப்பல் ஏறினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது புதிதாக நுழைகிறீர்கள்.

படி 1: இரவுச் சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் கப்பலில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் முன்பதிவின்போதே முடித்துவிடுங்கள்.

கப்பலில் மெயின் டைனிங் ரூம் என்று பெரிய உணவுக்கூடம் இருக்கும். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, வெயிட்டர் பரிமாறும் சாப்பாடு, எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, அதே வெயிட்டர். இதில் மாலை 5.30-ஐ ஒட்டி ஒரு பந்தி, இரவு 8-ஐ ஒட்டி ஒரு பந்தி என்று இருக்கும். கப்பலுக்குக் கப்பல் நேரம் கொஞ்சம் மாறும். இன்னொன்று 'மை டைம் டைனிங்'. நாமே தினமும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம், மேசை மாறும், வெயிட்டரும் மாறுவார்.

பார்த்தவுடன் இரண்டாவதுதான் வசதி என்று தோன்றும். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நான் முதலாவதையே சொல்வேன். முதல் நாள் இரவு அம்மாவுக்கு என்ன பிடிக்கும், சின்னவனுக்கு எதில் காரம் கூடாது என்று வெயிட்டரிடம் ஒருமுறை சொன்னால் போதும். மறுநாள் நீங்கள் உட்காருவதற்குள் அவர் தயாராக இருப்பார். மேசை மாறிக்கொண்டே இருந்தால் தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

5.30 பந்தியா, 8 மணிப் பந்தியா? குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள் என்றால் யோசிக்காமல் முதல் பந்தி. அப்புறம் பசித்தால் பஃபே திறந்திருக்கும், பீட்சா கடை இரவு வெகுநேரம் வரை இருக்கும். 8 மணிக்கு உட்கார்ந்து மூன்று சுற்றுச் சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தைகள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள்.

இனி எங்களுக்கு அதிகம் அலைச்சல் கொடுத்த இடம். நாங்கள் ஒரு கேபின், அம்மா அப்பாவுக்குப் பக்கத்துக் கேபின். எங்கள் முகவர் இரண்டையும் தனித்தனி முன்பதிவாகப் போட்டுவிட்டார். ஒரே நாளில், ஒரே ஆள் பணம் கட்டியதுதான். ஆனாலும் கப்பலின் கணினிக்கு நாங்கள் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். அறை அட்டை கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு ஒரு மேசை எண், பெரியவர்களுக்கு வேறொரு மேசை எண், அதுவும் வேறு தளத்தில்.

ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கேபின் எடுப்பவர்கள் கவனியுங்கள். ஒவ்வொரு கேபினுக்கும் தனி முன்பதிவு எண் இருந்தால், அந்த எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பந்தி இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாரும் ஒரே மேசை" என்ற குறிப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். இணைப்பது, பந்தி, குறிப்பு மூன்றும் தனித்தனி வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வராது. முகவர் "ஆச்சு சார்" என்று சொன்னாலும், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நீங்களே ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியும் மேசை பிரிந்து வந்தால் பதற வேண்டாம். ஏறிய அன்று மதியமே டைனிங் ரூம் வாசலுக்குப் போய் மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரிடம் இரண்டு அறை அட்டைகளையும் காட்டுங்கள். மாலை வரை காத்திருந்தால் மேசைகள் நிரம்பிவிடும். எங்களுக்கு அன்று மதியமே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

படி 2: சைவம் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்

முன்பதிவில் ஒருமுறை, முதல் நாள் இரவு வெயிட்டரிடம் ஒருமுறை. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை, சீஸ், காளான் எல்லாம் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். மீன் சாஸ், கோழிச் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். 'இந்தியன் வெஜிடேரியன்' என்ற சொல் கப்பலில் எல்லாருக்கும் தெரியும், அதைப் பயன்படுத்துங்கள்.

அச்சடித்த மெனுவில் ஒரு சைவக் கறி, சோற்றோடு, பெரும்பாலும் இருக்கும். அதோடு நின்றுவிட வேண்டாம். தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு, "நாளை இரவுக்கு இந்தியச் சாப்பாடு செய்து தர முடியுமா?" என்று முந்தின நாள் இரவே கேளுங்கள். சமையலறையில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பார்கள். வெயிட்டர்களிலும் நம் நாட்டவர்கள் நிறைய. மறுநாள் பருப்பு, ஒரு காய், பனீர், நாண், சோறு, அப்பளம் என்று மேசைக்கு வந்துவிடும். இதற்குத் தனிக் காசு கிடையாது. ஆனால் அன்றன்றைக்கே கேட்டால் கிடைப்பது சந்தேகம். கேட்கத் தயங்கி வெறும் ரொட்டியும் சாலட்டுமாகச் சாப்பிட்டு எழுந்த ஒரு பெரியவரைப் பக்கத்து மேசையில் பார்த்தேன், மனசு கஷ்டமாக இருந்தது. மறுநாள் எங்களோடு சேர்த்து அவருக்கும் சொல்லிவிட்டோம்.

வருவது வட இந்திய ருசிதான். ரசம், தயிர் சாதம் எதிர்பார்க்காதீர்கள். தயிர் பஃபேயில் இருக்கும், வெறும் சோறும் இருக்கும், கலந்துகொள்ள வேண்டியதுதான். கடையில் வாங்கிய, பிரிக்காத பருப்புப் பொடிப் பொட்டலம், முறுக்கு, பிஸ்கட் எடுத்துப் போகலாம். வீட்டில் சமைத்ததை அனுமதிக்க மாட்டார்கள். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி இருந்தால் பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள்.

படி 3: ஏறும் நாள்

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். பெரியவர்களின் மாத்திரை, குழந்தையின் பால் பவுடர், ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

ஏறியதும் எல்லாரும் 14-ஆம் தளத்தில் உள்ள விண்ட்ஜாமர் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். உட்கார இடம் கிடைக்காது. நீங்கள் கீழே சொரெண்டோஸ் பீட்சா கடைக்கோ, பின்பக்கக் கண்ணாடி மண்டபமான டூ செவன்டியில் இருக்கும் சிறு உணவகத்துக்கோ போங்கள். இரண்டும் இலவசம், கூட்டமும் குறைவு. சாப்பிட்டதும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். கப்பல் நிறுவனத்தின் போன் செயலியில் வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சொன்ன இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். இது எல்லாருக்கும் கட்டாயம்.

படி 4: பஃபே

வாசலிலேயே கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருக்கும். கிருமிநாசினித் திரவம் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்க சோப்பும் தண்ணீரும்தான் சரி. குழந்தைகளைக் கட்டாயம் கழுவ வையுங்கள்.

காலையில் கஞ்சி, நூடுல்ஸ், ரொட்டி, பழம் இவற்றோடு இட்லி சாம்பார், உப்புமா மாதிரி ஒன்றிரண்டு நம் பதார்த்தமும் வைத்திருந்தார்கள். தினமும் மாறும். தட்டை எடுப்பதற்கு முன் ஒருமுறை முழுச் சுற்றும் நடந்து பாருங்கள். இந்தியப் பகுதி ஒரு மூலையில் இருக்கும். காலை 9 மணிக்குக் கூட்டம் நெரியும், 8-க்கு முன் போனால் ஜன்னலோரம் கிடைக்கும்.

படி 5: எதற்குக் காசு, எதற்கு இல்லை

தண்ணீர், சாதா டீ, காபி, லெமனேட் இலவசம். கோலா வகைகள், பாட்டில் தண்ணீர், புதிதாகப் பிழிந்த ஜூஸ், மது எல்லாம் காசு. மது பேக்கேஜ் (முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டுக் குடிக்கும் திட்டம்) எடுப்பதில் ஒரு விதி இருக்கிறது: ஒரு கேபினில் ஒரு பெரியவர் வாங்கினால் அதிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவது வீண் செலவு, வேண்டும்போது ஒன்றிரண்டு வாங்கிக்கொள்வதே நல்லது.

டிப்ஸ் தினமும் ஆளுக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல், குழந்தைக்கும் சேர்த்து, கணக்கில் ஏறும். பயணச் செலவைப் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்குச் சாப்பாடு வரவழைத்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 8 டாலர், அதோடு 18 சதவீதச் சேவைக் கட்டணம். எளிய காலை உணவுக்கு மட்டும் அந்தக் கட்டணம் கிடையாது.

சாப்ஸ் கிரில், இசுமி போன்ற தனிக் கட்டண உணவகங்கள் மாமிசமும் மீனும் விரும்புகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். 3 இரவுப் பயணத்தில் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். இருக்கும் சில இரவுகளில் ஒன்றை ஏன் அந்தப் பழகிய மேசையைவிட்டு எடுக்க வேண்டும்?

சூழல்

இவை 4,000 பேருக்கு மேல் ஏறும் கப்பல்கள். அமைதியான கடல் பயணம் என்று நினைத்துப் போக வேண்டாம். திருவிழா மாதிரி இருக்கும். மே, ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் இன்னும் அதிகம். நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய வருவதால் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் லிஃப்ட் கிடைக்காது, முட்டி வலி உள்ளவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

உள்ளே ஏசி கடுமையாக இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் ஆட்டம் குறைவு. பயமிருந்தால் நடுவில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். கசினோ பக்கம் சிகரெட் வாடை வரும், குழந்தைகளோடு சுற்றிப் போங்கள். சோலாரியம் என்ற குளப்பகுதிக்கு 16 வயதுக்கு மேல்தான் அனுமதி, பெரியவர்கள் மதியம் ஓய்வெடுக்க அதுதான் நல்ல இடம். 3 வயது முடிந்த சிறு குழந்தைகளுக்கு அட்வென்சர் ஓஷன் என்ற விளையாட்டுப் பகுதி பகலில் இலவசம். இரவு 10-க்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள்.

டைனிங் ரூமில் நீச்சல் உடை கூடாது. ஓர் இரவு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். கோட்டு சூட்டு வாங்க வேண்டாம், வேட்டியும் பட்டுப்புடவையும் தாராளமாகப் பொருந்தும். அன்று வெயிட்டர்கள் எங்கள் அம்மாவோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பினாங்கில் இறங்கும் நாள்

கப்பல் சாப்பாடு அலுக்கத் தொடங்கும் நேரத்தில் பினாங்கு வரும். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். வாழை இலையில் சாதம், சாம்பார், ரசம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். கோயில், சாப்பாடு, மறுபடி கப்பல் என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. திரும்பிவர வேண்டிய நேரத்தைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில் இன்னொரு கவனம்: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். போனில் நேரம் தானாக மாறிவிடும். ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஜெயின் உணவு என்று முன்பதிவிலேயே போடச் சொல்லுங்கள், முதல் இரவு தலைமை வெயிட்டரிடமும் உறுதி செய்யுங்கள். பஃபேயில் உள்ள குழம்புகளை நம்ப வேண்டாம், அவற்றில் வெங்காயம் இருக்கும்.

இன்னொன்று: கைக்குழந்தையோடு போகலாமா என்று ஒரு தாய் எழுதியிருந்தார். கப்பல் கிளம்பும் நாளில் குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்க வேண்டும். டைனிங் ரூமில் உயர நாற்காலி தருவார்கள். குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காய் கேட்டால் உப்புக் குறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உட்கார்ந்தவுடனே குழந்தையின் சாப்பாட்டை மட்டும் முதலில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.