வீட்டுக்குள் நடந்தே கொரியன் எண்கள் படிப்பது எப்படி?

கொரியன் கற்கத் தொடங்குபவர்களுக்கு எழுத்தைப் பார்த்துத்தான் முதல் பயம். 1446-ல் செஜோங் மன்னர் வெளியிட்ட ஹங்குல்லில் இன்று அடிப்படை மெய் 14, உயிர் 10. ஒவ்வொரு அசையும் ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி ஒரு சதுரத்துக்குள் அடங்கும். தினமும் எழுதினால் ஒரு வாரத்தில் பழகிவிடும். வாக்கியமும் நம் வரிசைதான்: 'நானுன் ஜிபே காயோ' என்றால் நான் வீட்டுக்குப் போறேன். அதனால் இங்கிலீஷ் வழியாகப் படிக்காதீர்கள்.

உண்மையான சிக்கல் இரண்டு.

படி 1: ஒலி

'கோகி' என்றால் இறைச்சி. 'காகம்' சொல்வது போலவே முதல் க வல்லொலி, அடுத்தது மெல்ல வரும். இது நமக்குக் கூடப் பிறந்த பழக்கம். ஆனால் 'புல்' மூன்று விதம்: நெருப்பு, புல், கொம்பு. வாய்க்கு முன்னால் மெல்லிய பேப்பரைப் பிடியுங்கள். புல்லுக்குப் பேப்பர் நன்றாக அசைய வேண்டும். கொம்புக்குத் தொண்டையை இறுக்குங்கள், அசையவே கூடாது. நெருப்பு நடுவில், தாழ்ந்த குரலில். (கொரியனிலும் புல்லுக்குப் புல்தான்!)

படி 2: எண்களை இரண்டு இடத்தில் வையுங்கள்

கொரியர்களுக்கு எண் வரிசை இரண்டு. வயசு, ஆள் கணக்கு எல்லாம் சொந்த எண்; அது வீட்டு விஷயம். காசு, தேதி, போன் நம்பர் சீனத்திலிருந்து வந்த எண், அது கடைத்தெரு. நான் முதலில் இரண்டையும் ஒரே நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி, மாதக்கணக்கில் குழம்பினேன்.

சொந்த எண்களுக்கு எங்கள் பெரிய வீட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் எண்ணின் ஒலியை நினைவூட்டும் ஒரு படம்:

ஹானா (1): தெருவாசலில் ஆனை.
துல் (2): திண்ணையெல்லாம் மிளகாய்த் தூள்.
செத் (3): நிலைப்படியில் செத்தை.
நெத் (4): பட்டாலையில் (கூடத்தில்) தேங்காய் நெத்து.
தாசொத் (5): வளவில் (உள்முற்றத்தில்) ஒருவர், "தா, சொத்து!"
யொசொத் (6): எதிர்த்தூணில் இன்னொருவர், "யோ, சொத்தா?"

இல்கொப், யொடொல், அஹொப், யொல் (7 முதல் 10 வரை) நான்கையும் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி, பின்வாசலில் நீங்களே வையுங்கள். சொந்தமாகச் செய்த படம்தான் நிற்கும். உச்சரிப்பை மட்டும் கொரியர் பேசும் ஒலிப்பதிவில் சரிபாருங்கள்.

நிஜமாகவே எழுந்து நடங்கள். "என்ன ஆத்தா, வாசலுக்கும் கிணத்தடிக்குமா நடக்குற?" என்று ஆச்சி கேட்டார்கள். விளக்கியதும் அவர்களே எண்ணத் தொடங்கி, நெத் வரை வந்துவிட்டார்கள்.

சீன எண்கள் (இல், இ, சம், சா, ஓ, யுக், சில், பல், கு, ஷிப்) கடைத்தெருவில், கடைக்கு ஒன்றாக வையுங்கள்.

படி 3: கடிகாரம்

மணிக்கு வீட்டு எண், நிமிடத்துக்குக் கடைத்தெரு எண். 3.30 என்றால் 'செ ஷி சம்ஷிப் புன்'. ஷி என்றால் மணி, புன் என்றால் நிமிடம். 'செத்' இங்கே 'செ' என்று சுருங்கும். 'மூன்று' இரண்டு தடவை, செ, சம் என்று இரண்டு விதமாக வருகிறது பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 4: திரும்பப் பார்த்தல்

அன்று இரவு, மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள். கடைசித் தடவை பின்வாசலிலிருந்து முன்னால் வாருங்கள்.

பதினொன்றுக்கு யொல்லோடு ஹானா சேர்த்தால் போதும், அதே வீட்டில் இரண்டாம் சுற்று. இருபதுக்கு 'சுமுல்' என்று தனிச்சொல். அதற்கு மாடிப்படியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.