டிங்கரிங் சரியில்லையா? கிளைம் முடிந்த காரில் செய்யக்கூடாத தவறுகள்

விபத்தில் அடிபட்டு, இன்சூரன்ஸ் கிளைமில் சரிசெய்த என் காரைச் சாயங்காலம் ஏழு மணிக்கு டெலிவரி எடுத்ததுதான் நான் செய்த முதல் தவறு. டியூப் லைட் வெளிச்சத்தில் கார் புதுசு மாதிரி மின்னியது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், மாற்றிய கதவு ஒரு சாம்பல், பக்கத்துக் கதவு வேறு சாம்பல். அதற்குள் ‘வேலை திருப்தி’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன்.

அந்தத் தாளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் போவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் நிறுவனம் பெரும்பாலும் அதைக் கேட்கும். கையெழுத்து விழும்வரை குறையெல்லாம் ஒர்க்‌ஷாப்பின் பாக்கி வேலை. விழுந்த பிறகு அதே குறையை நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். அவசரத்துக்கு வண்டியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், கண்ணில் பட்ட குறைகளை அந்தத் தாளிலேயே கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள்.

எதைப் பார்ப்பது? மெட்டாலிக் பெயின்ட் நேராகப் பார்த்தால் ஏமாற்றும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால்தான் நிற வித்தியாசம் தெரியும். கைதேர்ந்த பெயின்டர் மாற்றிய பாகத்தோடு நிறுத்தாமல் பக்கத்துப் பாகத்துக்கும் நிறத்தை லேசாக இழுத்து விடுவார். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்தை ஒட்டிய தகடு) இடையிலுள்ள இடைவெளியில் விரல் நுனியை ஓட்டுங்கள்; இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கதவு ரப்பர் பீடிங்கில் பெயின்ட் தூசி படிந்திருந்தால், சரியாக மறைக்காமல் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பெனி பெயின்ட்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் பல நூறு மைக்ரான் காட்டினால், உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) கனமாக இருக்க வாய்ப்பு அதிகம். மீட்டர் இல்லையா, மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும். ஆனால் இரும்புத் தகட்டில் மட்டும்தான். பிளாஸ்டிக் பம்பரில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்படுவது இன்னொரு தவறு. ஆபத்து பெயின்ட்டுக்கு உள்ளே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள். பழுதை மறைக்க விளக்கையே துண்டித்துவிடுவது பழைய தந்திரம். முன் கண்ணாடியையோ பம்பரையோ கழற்றியிருந்தால், அங்கே கேமராவோ ரேடாரோ இருந்தால் அதற்கு மறுபடி கேலிபரேஷன் (சரியாகக் கணிக்கும்படி திருத்தி அமைப்பது) தேவைப்படலாம். செய்ததற்கான பிரின்ட் அவுட்டைக் கேளுங்கள், வீல் அலைன்மென்ட்டுக்கும் அப்படியே.

அப்புறம் பில். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் ஒப்புக்கொண்ட பட்டியலில் ‘ஹெட்லைட் மாற்றம்’ என்று இருக்கும். வண்டியில் பழைய ஹெட்லைட்டே பாலிஷ் போட்டு உட்கார்ந்திருக்கும். பட்டியலையும் பில்லையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி வண்டியோடு ஒப்பிடுங்கள். கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, குறை தெரிந்துவிட்டது. கோபத்தில் உடனே வேறு மெக்கானிக்கிடம் விட்டுவிடுவார்கள் பலர். இதுதான் நிறைய பேர் வழுக்கி விழும் இடம். இன்னொருவர் கை பட்டதுமே, ‘நாங்கள் ஒழுங்காகத்தான் கொடுத்தோம், அவர்தான் கெடுத்துவிட்டார்’ என்பார்கள். மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. வேறொருவரிடம் காட்டலாம், எழுத்தில் கருத்து வாங்கலாம். வண்டியில் ஸ்பேனர் வைக்க மட்டும் விடாதீர்கள். பிரேக்கோ ஸ்டியரிங்கோ சரியில்லையென்றால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

போனில் கத்துவதாலும் பிரயோஜனமில்லை. குறைகளைத் தேதியோடு, போட்டோவோடு மின்னஞ்சலில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, சரிசெய்ய ஒரு வாய்ப்பும் கெடுவும் கொடுங்கள். அதன் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பழைய கிளைம் எண்ணையே குறிப்பிட்டு மறு ஆய்வு கேளுங்கள். சிலர் புதிதாக இன்னொரு கிளைம் போடுகிறார்கள். கிளைம் என்பது விபத்து போன்ற சேதத்துக்கு. மோசமான டிங்கரிங் விபத்து ஆகாது. நிறுவனம் கைகாட்டிய ஒர்க்‌ஷாப் என்றால் அவர்களையும் பொறுப்பேற்கச் சொல்ல உங்களுக்கு ஒரு பிடி உண்டு. நீங்களாகத் தேர்ந்தெடுத்த இடமென்றால் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்போடுதான் உங்கள் வழக்கு. எங்கே விடுவது என்று முடிவெடுக்கும்போதே இதை யோசித்துவிடுவது நல்லது.

என் காரில் அந்தக் கதவை மறுபடி அடித்து, பக்கத்துக் கதவுக்கும் நிறத்தை இழுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது டெலிவரிக்கு நான் போனது பகல் பதினொரு மணிக்கு. வண்டியை ஷெட்டுக்கு வெளியே, வெயிலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன்.