உணவுக் கோளாறுக்கு உதவி தேடும் கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஈட்டிங் டிஸார்டர் எனும் உணவுக் கோளாறு, அதாவது சாப்பாடு, எடை சார்ந்த மனநலப் பிரச்சினை வந்தால், பல நேரம் முதலில் போவது வயிற்று டாக்டரிடம். "அல்சர் மாதிரி இருக்கு", "சாப்பிட்டா எதுக்களிக்கு" என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவார்கள். விரல் விட்டு வாந்தி எடுப்பதையும், பகலெல்லாம் பட்டினி கிடந்து ராத்திரி அடக்க முடியாமல் சாப்பிடுவதையும், பேதி மாத்திரை போடுவதையும் சொல்வதே இல்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மாதமாக நடக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை, எடை எவ்வளவு குறைந்தது, மயக்கம் வந்ததா, பெண்கள் என்றால் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்; குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். விஷயம் தெரிந்தால்தான் டாக்டர் இசிஜி எடுப்பார். சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் பார்க்கச் சொல்வார். ரிப்போர்ட் நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்கவும் வேண்டாம், அமிலம் பட்ட எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, ரத்த வாந்தி, கைகால் தளர்ச்சி, தற்கொலை எண்ணம் என்றால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எலும்பும் தோலுமாக ஆனால்தான் நோய் என்று நினைப்பது அடுத்த தவறு. வாந்தி எடுப்பவர்களில் பலர் பார்க்க இயல்பான எடையில்தான் இருப்பார்கள். பையன்களுக்கும் வரும், ஜிம், டயட் என்ற பெயரில் அது வெளியே தெரியாமல் போகிறது.

வீட்டார் பாசத்தில் செய்யும் ஒரு தவறு உயிருக்கே ஆபத்து. பிள்ளை வத்திப்போய் வந்திருக்கிறதே என்று முதல் நாளே சோறும் அல்வாவுமாகத் திணிப்பார்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத உடம்பில் திடீரென்று மாவுச்சத்து நிறையச் சேர்ந்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் போய்விடும். முதல் சில நாட்களிலேயே கால்வீக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், இதயக் கோளாறு வரலாம். அந்த நிலையில் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டர் சொல்லும் அளவில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

எங்கே போவது? ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய், மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-ஐ அழையுங்கள்; இது டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுக்கும் காலேஜுக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து நாளைக் கடத்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழலில்தான் விலக்கு. ஆனாலும் நம்பும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள், அக்காவோ ரூம்மேட்டோ.

அந்த ரூம்மேட்டுக்கும் ஒரு வார்த்தை. தட்டைக் காவல் காக்காதீர்கள். "இப்ப கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்று பாராட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்" என்று சொல்லுங்கள்.

இரண்டு தடவை போய்விட்டு, சரியாகிவிட்டது என்று நிறுத்துவதும் நடக்கிறது. எடை மிகக் குறையாதவர்களுக்குக்கூடப் பேச்சு சிகிச்சை சுமார் இருபது அமர்வு, வாரம் ஒன்றாக ஐந்து மாதம் போகும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு முறை சிறு தீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது என்பது அதன் அடிப்படை. மெஸ்ஸில் காலை இட்லியைத் தவறவிட்டால் ராத்திரி அடக்க முடியாத பசி வரும். செமஸ்டர் டைம்டேபிள் கைக்கு வந்ததும் டாக்டரிடம் காட்டி, பரீட்சை வாரங்களுக்கும் சேர்த்துத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.