தரவுத்தளத்தைத் தனி வலையமைப்பில் மட்டும் பேசவிடுங்கள்

செயலி ஒரு சர்வரிலும் தரவுத்தளம் இன்னொன்றிலும் இருந்தால், அவை பொது ஐபி முகவரி வழியாகப் பேச வேண்டிய அவசியமே இல்லை. 10, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனி வலையமைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இணையத்திலிருந்து அவற்றை நேரடியாக எட்ட முடியாது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்புகளுக்கு, மட்டுமே காது கொடுக்கும். எந்த முகவரியில் காது கொடுப்பது என்று சொல்லும் listen_addresses அமைப்பில், அவசரத்தில் பலர் 0.0.0.0 (எல்லா முகவரிகளும்) என்று போட்டுவிடுகிறார்கள். வாசல் கதவையே கழற்றி வைப்பது போன்ற வேலை அது! லோக்கல்ஹோஸ்ட்டுடன் தரவுத்தள சர்வரின் தனி முகவரியை, உதாரணமாக 10.0.0.5 என்பதை, சேர்த்தாலே போதும். இந்த மாற்றத்துக்கு சேவையை முழுமையாக மறுதொடக்கம் செய்ய வேண்டும், ஓடும்போதே அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்கும் ரீலோடு போதாது. யார் இணையலாம் என்பதைச் சொல்லும் பிஜி-எச்பிஏ (pg_hba.conf) கோப்புக்கோ ரீலோடே போதும். அதில் செயலி சர்வரின் முகவரியை 10.0.0.4/32 என்று தனியாகவே எழுதுங்கள்; /32 என்றால் அந்த ஒரே முகவரி மட்டும். ஃபயர்வாலிலும் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் 5432 போர்ட்டை அந்த முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

ஒரு தொல்லை மட்டும் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவரும். சர்வர் மறுபடி துவங்கும்போது தனி வலையமைப்பு தயாராகும் முன்பே போஸ்ட்கிரெஸ் எழுந்துவிட்டால், லோக்கல்ஹோஸ்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும். லாகில் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும், அவ்வளவுதான். செயலியோ இணைப்பு மறுக்கப்பட்டது என்று புலம்பும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், வலையமைப்பு தயாரான பிறகே இந்தச் சேவை தொடங்க வேண்டும் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

வலையமைப்பைப் பிறரும் பகிர்ந்துகொள்ளும் இடமென்றால் டிஎல்எஸ் குறியாக்கத்தையும் இயக்கிவையுங்கள்.