புலி குட்டி போட்டதும் நாம் படுகிற அவசரம்

மிருகக்காட்சி சாலையில் புலி குட்டி போட்டிருக்கிறது என்று செய்தி வந்தால், கோலாலம்பூரில் முதலில் எழும் கேள்வி ‘எப்பப் போய்ப் பார்க்கலாம்?’ என்பதுதான். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் குடும்பத்தோடு தேசிய மிருகக்காட்சி சாலை இருக்கும் உலு கிள்ளானுக்குக் கிளம்பிவிடுவோம். மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கூண்டில் பிறக்கும் புலி, சிறுத்தை போன்ற காட்டுப்பூனை இனக் குட்டிகளுக்கு முதல் சில வாரங்களில் நேரும் கேடுகளில் பல, உதவி செய்யப் போன கையால் நேர்பவை.

எட்டிப் பார்ப்பதில்தான் இது தொடங்குகிறது. குட்டி போட்ட இடம் பத்திரமில்லை என்று பட்டால், காட்டில் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வி வேறு மறைவிடத்துக்குக் கொண்டுபோய்விடும். கூண்டில் அதற்கு வழி கிடையாது. அதனால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, மறுபடி பழைய மூலைக்கு என்று தூக்கிக்கொண்டே அலையும். கேமராவில் பார்ப்பவருக்கு ‘ஆகா, என்ன பாசம்’ என்று தோன்றும். உண்மையில் அது பதற்றம். திரும்பத் திரும்பக் கவ்வியதில் குட்டியின் கழுத்தில் பல் பதிந்து புண்ணாகும், புண்ணில் சீழ் வைக்கும். பதற்றம் முற்றினால் தாய் குட்டிகளைக் கைவிடும். சில நேரம் கொன்று தின்றும்விடும்.

இதற்கான ஏற்பாடு பிரசவத்துக்கு முன்பே நடக்க வேண்டும். இருட்டான, ஒதுக்குப்புறமான பெட்டி ஒன்று போதாது. இரண்டு மூன்று வைத்தால் தாயே தனக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளும். கேமராவை முன்கூட்டியே மாட்டிவிட வேண்டும், குட்டி பிறந்த மறுநாள் ஏணியோடு உள்ளே போகக்கூடாது. பழகிய பராமரிப்பாளர் ஒருவரே, வழக்கமான நேரத்தில் தீனியை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஆண் விலங்கை முன்னதாகவே வேறு கூண்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. பலர் மறப்பது நாள்காட்டியைத்தான். புலி கர்ப்பம் 100 நாளுக்குச் சற்று மேல், வீட்டுப் பூனை அளவே இருக்கும் காட்டு இனமான சிறுத்தைப் பூனைக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். இணை சேர்ந்த நாளைக் குறித்துவைத்தால், பிரசவம் எந்தப் பண்டிகையை ஒட்டி வரும் என்று தெரிந்துவிடும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று இந்த ஊரில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துக் கூண்டுப் பழுதுபார்ப்பு வேலைகளையாவது தள்ளிப் போடலாமே.

அடுத்தது, தாயைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டுவது. பிரசவ இரவின் பதிவில் தாயின் வாயெல்லாம் ரத்தம், எதையோ மென்று தின்கிறது. ‘குட்டியைத் தின்றுவிட்டது’ என்று அலறியடித்து உள்ளே ஓடினால் காரியம் கெட்டது. அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியாக இருக்கும். குட்டியைச் சுற்றிய சவ்வைக் கிழித்து, கொடியைக் கடித்து, நஞ்சைத் தின்று, இடத்தைச் சுத்தமாக்குவது தாயின் வழக்கம். முதல் ஓரிரு நாள் அது தீனியைத் தொடாமல் இருப்பதும் உண்டு. தலைச்சன் ஈற்று என்றால் கொஞ்சம் தடுமாறும். குட்டி ஒரு பக்கம் கத்த, தாய் இன்னொரு பக்கம் நின்று பார்க்கும். பார்ப்பவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாயை விடக் குட்டிகளைக் கவனிப்பதே மேல். வயிறு நிறைந்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கும். பசியில் இருப்பவை சிதறிக் கிடந்து விடாமல் கத்தும். கத்திக் கத்தி ஓய்ந்து, தனியாக அசையாமல் கிடந்தால் அதுதான் கையை நீட்ட வேண்டிய நேரம். சீம்பால் குடிக்காத குட்டி என்றால் இன்னும் அவசரம். நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு முதல் நாள் பாலில்தான் வருகிறது. அந்த முதல் நாள் போனால், குடல் அதை உறிஞ்சிக்கொள்ளாது.

தொடவே கூடாது என்பதும் சட்டமல்ல. மேகத்திட்டு போட்ட படைச்சிறுத்தைக்குக் கணக்கே வேறு. கூண்டில் இணை சேர்க்கும்போது ஆண் பெண்ணைக் கொன்றுவிடுவது இந்த இனத்தில் அடிக்கடி நடந்திருக்கிறது. தாய் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. அதனால் தாய்லாந்தின் காவ் கியோவ் மிருகக்காட்சி சாலையில் 2002-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கையால் வளர்த்து, சிறு வயதிலேயே ஆணையும் பெண்ணையும் சேர்ந்து பழக விட்டார்கள். யோசித்து எடுத்த முடிவு அது. ‘பாவமா இருந்துச்சு, எடுத்துட்டேன்’ என்பது அந்தக் கணக்கில் சேராது.

சரி, கையால்தான் வளர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இங்கே நடக்கும் தவறுகளில் முதலிடம் பாலுக்கு. தேத்தண்ணிக்குக் கலக்கும் டின் பால், பிள்ளைக்கு வாங்கிய பால்மாவு, கடைப் பசும்பால் என்று எது கைக்குக் கிடைத்தாலும் கொடுத்துவிடுகிறார்கள். பூனைப் பாலில் புரதம் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பசும்பாலில் இருக்கும் சர்க்கரையோ குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வந்து ஒரே நாளில் வற்றிப்போகும். பூனை இனத்துக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் விழித்திரையும் இதயத் தசையும் பழுதாகும். ஆகவே பூனைக்குட்டிக்கென்றே தயாரித்த பால்மாவை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

அடுத்த தவறு, குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டுவது. உடம்பு சில்லிட்டிருந்தால் குடல் வேலை செய்யாது, குடித்த பால் வயிற்றிலேயே புளித்துவிடும். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் குளிரா?’ என்று கேட்பார்கள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. ஈர சிமெண்டுத் தரையும் ஒரு காற்றாடியும் போதும் அதைச் சாய்க்க. முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், பால் அதற்கு அப்புறம். விளக்கைப் பெட்டி முழுவதும் படும்படி வைக்காமல் ஒரு பக்கமாக வைத்தால், சூடு மிஞ்சும்போது குட்டி நகர்ந்து போக இடமிருக்கும். புகட்டும்போது கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்தால் பிழைப்பது அரிது. குப்புறக் கிடத்தி, தலையை லேசாகத் தூக்கிப் பிடித்தால் போதும்.

பால் குடித்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் மூன்று வாரம் போலக் குட்டியால் தானாக ஒன்றுக்கு இரண்டுக்குப் போக முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் வயிறு உப்பும். உப்பிய வயிற்றைப் பார்த்து ‘நல்லாக் குடிச்சிருக்கு’ என்று திருப்திப்பட்டுக்கொள்வோம். எடை பார்க்கும் தராசு கிராம் காட்டுவதாக இருக்கட்டும். பிறந்த புலிக்குட்டி ஒரு கிலோ அளவில் இருக்கும், சிறுத்தைப் பூனைக் குட்டி நூறு கிராம் வாக்கில்தான். தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே நோய் அந்த ஏட்டில் தெரிந்துவிடும்.

கண்ணைப் பிரித்துவிடுவது வேண்டாத வேலை. புலிக்குட்டிக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானே திறக்கும்.

கையோடு விளையாடப் பழக்குவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். உடன்பிறந்த குட்டியைக் கடித்தால் அது திருப்பிக் கடிக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அப்படித்தான் அவை கற்றுக்கொள்கின்றன. மனிதக் கையையே கடித்து, மனித மடியிலேயே தூங்கி வளர்ந்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. வளர்ந்தபின் தன் இனத்தைக் கண்டால் பயப்படும், அல்லது பாயும், இணை சேராது. காசு வாங்கிக்கொண்டு புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கவிடும் இடங்களை நான் ஏற்பதே இல்லை. அந்தக் குட்டி இன்னும் தாயின் பக்கத்தில் இருக்க வேண்டியது.

நோய் வீட்டிலிருந்தும் வரும். வீட்டுப் பூனைகளைத் தாக்கும் வெள்ளையணுக் குறைவு நோய் காட்டுப்பூனைக் குட்டிகளையும் கொல்லும். துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் புலிக்கும் வரும். 2019-இல் திரெங்கானுவின் டுங்குன் பக்கம் பிடிபட்ட மலாயாப் புலி அந்த நோயில்தான் செத்தது. வீட்டில் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் குட்டி அறைக்குள் வேறு ஆள் போகட்டும்.

கடைசியாக, தோட்டத்தில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு. செம்பனை மட்டைக் குவியலில் சிறுத்தைப் பூனைக் குட்டி கிடந்தால் அநாதை என்று தூக்கிவந்துவிடாதீர்கள். தாய் எலி பிடிக்கப் போயிருக்கும், ஆள் நடமாட்டம் அடங்கினால் திரும்பி வரும். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஏற்கெனவே யாராவது எடுத்து வந்துவிட்டார்கள் என்றால் பால் எதுவும் புகட்டாமல், துணி விரித்த பெட்டியில் கதகதப்பாக வைத்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். எந்த நிரை, எந்த மரத்தடி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எடுத்தவரிடம் அப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தாயிடம் திரும்ப விட முடியுமா என்று அவர்கள் பார்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.