எட்டுப் பேர், இரண்டு படுக்கையறை: சிறிய வீட்டுக்கு மாறுவது எப்படி

ஐந்து அறைகள் இருந்த வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டுக்கு எட்டுப் பேராகக் குடிபோனோம். நானும் கணவரும், நான்கு பிள்ளைகள், மாமியார், கொழுந்தனார். காரணம் கடன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வீடு மாறுவது என்று முடிவானதும் எல்லோரையும் போல நானும் முதலில் அலமாரிகளைத்தான் திறந்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பதினைந்து நாள் மல்லுக்கட்டினேன். பாதி வேலை வீண். பெரிய குடும்பத்தில் முதலில் அளக்க வேண்டியது நேரத்தை. எந்த வேளையில் எத்தனை பேர் ஒரே இடத்துக்கு மோதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்தக் கட்டில் வேண்டும், எந்த மேசை வேண்டாம் என்பதில் பெரிய குழப்பம் வராது.

ஒரு வாரக் கணக்கு

ஒரு பெரிய தாளில் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை அரை மணிக்கு ஒரு கோடு போடுங்கள். மேலே வரிசையாக ஆட்களின் பெயர். யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் எங்கள் தாள் மூன்றாம் நாளே பேசத் தொடங்கிவிட்டது.

முதல் சிக்கல் குளியலறை. எட்டுப் பேருக்கு ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். ஆறு பேர் எட்டு மணிக்குள் வெளியே கிளம்ப வேண்டும். இருக்கப்போவதோ ஒரே குளியலறை. தாளைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: அந்தக் கால் மணி நேரத்தில் பாதி, கண்ணாடி முன்னால் நிற்பதில் போகிறது. புதிய வீட்டில் கண்ணாடியையும் சீப்புகளையும் வெளியே நடைவழிச் சுவருக்கு மாற்றினோம். மூன்று பேர் இரவில் குளிப்பது என்று முடிவு செய்தோம். மூத்தவன் இதற்குச் சம்மதிக்கவே இல்லை, காலையில் 5.30 மணிக்கு எழுந்தால் முதல் முறை உனக்கு என்றதும் ஒரே வாரத்தில் இரவுக் குளியலுக்கு வந்துவிட்டான்.

இரண்டாவதாகத் தெரிந்தது நல்ல செய்தி. கொழுந்தனாருக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பிற்பகல் இரண்டு வரை தூங்குவார். கடைக்குட்டியோ இரவு ஒன்பதுக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறவன். இருவருக்கும் ஒரே கட்டில் போதும். விரிப்பும் தலையணையும் மட்டும் தனித்தனி. கொழுந்தனாரின் விடுமுறை இரவுக்கு ஒரு மடிப்பு மெத்தை. தாளில் எழுதிப் பார்க்காமல் இது எனக்குத் தோன்றியிருக்காது. ஆளுக்கொரு கட்டில் என்றே கணக்குப் போட்டிருப்பேன்.

ஓர் அறை மாமியாருக்கும் பெண்கள் இருவருக்கும். மற்றொன்று பையன்களுக்கும் கொழுந்தனாருக்கும். கூடம் எங்கள் இருவருக்கு. பிள்ளைகளைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் அறையை எடுத்துக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அது தவறு என்பேன். கூடத்தில் படுப்பவர் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நாங்கள்தான்.

ஒத்திகை

வீடு மாறுவதற்கு மூன்று வாரம் முன்பு பழைய வீட்டின் மூன்று அறைகளைப் பூட்டினேன். மீதமிருந்த இடத்தில், புதிய வீட்டின் அளவுகளைச் சாக்பீஸால் தரையில் வரைந்தோம். கோட்டுக்குள்தான் நாற்காலி, கோட்டுக்குள்தான் படுக்கை. முதல் இரண்டு நாள் விளையாட்டாக இருந்தது. நான்காம் நாள் இரண்டாமவளும் மூன்றாமவளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, கோபித்துக்கொண்டு போய் உட்கார அந்தக் கோடுகளுக்குள் ஓர் இடமும் இல்லை என்று. தனியாக அழுவதற்கும், போனில் தாழ்ந்த குரலில் பேசுவதற்கும் ஒருவருக்கு ஓர் இடம் வேண்டும். புதிய வீட்டில் பின்வாசல் படிக்கட்டை அதற்கு ஒதுக்கினோம். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

கோடு போடும்போது நடக்கும் இடத்தையும் வரையுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இல்லாவிட்டால் இரவில் எழுபவர் முட்டி இடிபடும். கதவு திறக்கும் வட்டத்தையும் வரையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டரை அடி அகலக் கதவு ஒன்று திறந்து மூட ஏறத்தாழ ஐந்து சதுர அடித் தரையை விழுங்குகிறது. சமையலறைக் கதவை நாங்கள் அடியோடு கழற்றிவிட்டோம். குளியலறைக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிப் பொருத்தினோம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: வயதானவர் உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

அடுக்குக் கட்டில் வாங்குவதாக இருந்தால் கூரை உயரத்தை முதலில் பாருங்கள். மேல்தட்டு மெத்தைக்கு மேலே மூன்றடியாவது இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார முடியும். எங்கள் கூரை எட்டடி. மெத்தையின் மேல்மட்டம் ஐந்தடியைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வாங்கினோம். பக்கவாட்டுத் தடுப்பு, மெத்தைக்கு மேல் ஐந்து அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். ஆறு வயது ஆகாத பிள்ளையை மேலே ஏற்றவே கூடாது. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. மேல்தட்டுக்காக இரண்டு நாள் சாப்பிட மறுத்தான். மூன்றாம் நாள் கீழ்த்தட்டைச் சுற்றித் துணி கட்டிக் குகை செய்து கொடுத்தோம். இப்போது மூத்தவன் அந்தக் குகைக்கு ஏங்குகிறான்.

பொருள்கள்

அறை அறையாகப் பிரிக்காதீர்கள். ஒரே இனப் பொருள்களை ஓரிடத்தில் குவியுங்கள். எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல்களைக் குவித்தபோது பதினொன்று. ஒருவர் தேடிக் கிடைக்காமல் ஒன்று வாங்குவார். மறுநாள் பழையது கிடைக்கும். கூட்டம் பெருத்த வீட்டில் பொருள் இப்படித்தான் பெருகுகிறது. படுக்கை விரிப்புகள் நாற்பத்தொன்று இருந்தன. ஆளுக்கு இரண்டு, விருந்தாளிக்கு மூன்று என்று பத்தொன்பதை வைத்துக்கொண்டோம். இதுவரை குறை தெரியவில்லை.

உங்கள் பொருளை நீங்கள் கழியுங்கள். மற்றவர் பொருளில் கை வைக்காதீர்கள், அது குப்பையாகவே தெரிந்தாலும். ஆளுக்கு ஒரே அளவில் ஒரு பெட்டி கொடுத்தோம்: இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. மூடி மூடினால் போதும்.

மாமியாரிடம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. எப்படியும் அது போயாக வேண்டும். அதைத் திறந்து ஒரு மதியம் முழுக்க உடன் உட்கார்ந்தேன். அடியில் பிஸ்கட் டப்பா ஒன்று, அது நிறையச் சாவிகள். எண்ணினேன், நாற்பத்தேழு. ஒன்றுக்கும் பூட்டு இல்லை.

“இதை எதற்கு அத்தை வைத்திருக்கிறீர்கள்?”

“பூட்டு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அப்போது சாவிக்கு எங்கே போவது?”

எனக்குப் பதில் வரவில்லை. சாவி ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்த வீட்டு வாசல், இது எந்த அலமாரி என்று சொல்லிக்கொண்டே போனார். இருட்டும்வரை கேட்டேன். எழுந்து போகும்போது, “பெட்டியைக் கொடுத்துவிடு. டப்பா இருக்கட்டும்” என்றார். இரும்புப் பெட்டி போனதில் எட்டுக் கன அடி மிச்சம். டப்பா அவர் பெட்டியின் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. நான் அவசரப்பட்டிருந்தால் இரண்டும் வந்திருக்கும், கூடவே ஒரு வருத்தமும்.

நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பொருள்களைப் பிரிப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு டஜன் வாங்கினேன். காலிப் பெட்டியைக் கண்டால் கை சும்மா இராது; கழிக்க வேண்டியதையெல்லாம் அழகாக அடுக்கி வைத்தேன். அக்கா வீட்டில் நான்கு மூட்டை “கொஞ்ச நாளைக்கு” என்று போட்டு வைத்தேன். எட்டு மாதம் கழித்து அவள் போன் செய்தபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆறு பேர் அமரும் மேசையை முதலில் விற்றது. இடத்தை அடைக்கிறது என்று மட்டும் பார்த்தேன். இரவு ஏழு முதல் ஒன்பது வரை நான்கு பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள் என்பது தாளில் எழுதியே இருந்தது. ஆக, உட்காரவும் எழுதவும் உதவும் எதையும் கடைசிவரை விற்காதீர்கள்.

நிற்காத அலமாரி

புதிய வீட்டில் முதல் நாள் நடந்தது இது. எங்கள் மர அலமாரி 93 அங்குல உயரம், 24 அங்குல ஆழம். கூரை 96 அங்குலம். மூன்று அங்குலம் மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். கிடத்தி உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். முக்கால்வாசி எழுந்ததும் மேல் மூலை கூரையில் போய் முட்டிக்கொண்டது. நிமிரும்போது அலமாரிக்குத் தேவைப்படுவது அதன் உயரம் மட்டும் இல்லை, மூலைக்கு மூலை உள்ள நீளம். அது 96 அங்குலத்தை ஒரு நூலிழை தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ் தேற்றத்தை மூத்தவன் அங்கேயே அட்டைப்பெட்டி மேல் போட்டுக் காட்டினான். கொஞ்சம் முன்னாலேயே காட்டியிருக்கலாம். அடிக்கட்டையைக் கழற்றி உயரத்தை மூன்று அங்குலம் குறைத்த பிறகுதான் நின்றது. உயரமான எதையும் வண்டியில் ஏற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். நின்ற பிறகு சுவரோடு இறுக்கிப் பொருத்தவும் மறக்காதீர்கள். நெருக்கமான வீட்டில் பிள்ளைகள் அலமாரியில் ஏறத்தான் செய்வார்கள்.

மூட்டை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் வையுங்கள். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டே இரண்டரைக் கிலோ எடை. பெட்டியின் மேல் பொருளின் பெயரோடு ஆளின் பெயரையும் எழுதுங்கள். மருந்து, பல் துலக்கி, மாற்றுத்துணி, போன் சார்ஜர் எல்லாம் கைப்பையில். புதிய வீட்டுக்குப் போனதும் முதலில் கட்டில்களைப் பொருத்தி முடியுங்கள்.

துணி காயவைப்பதை மட்டும் முன்பே யோசியுங்கள். எட்டுப் பேர் துணி வீட்டுக்குள் காய்ந்தால் அந்த ஈரம் முழுக்க வீட்டுக் காற்றில்தான் இறங்கும். ஒரு முறை துவைத்த துணியை ஈரத்தோடும் காய்ந்த பின்னும் எடை போட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம். அலமாரியின் பின்பக்கம் பூஞ்சை பிடித்த பிறகுதான் அதைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இரும்புப் பட்டையால் பிணைத்தோம். துணிக்கொடியைச் சன்னல் பக்கம் மாற்றி, எதிர்ச் சன்னலையும் திறந்து வைக்கிறோம்.

படிக்கும் மேசைக்கு ஒரு வழி செய்தோம். கழற்றி வைத்த சமையலறைக் கதவை இரண்டு குட்டை அலமாரிகளின் மேல் கிடத்தினார் கணவர். ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். பக்கத்துக்கு இருவராக நால்வரும் உட்காருகிறார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கை இடிக்கிறது என்று மூன்றாமவள் தினமும் முறையிடுகிறாள். திருகாணி துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.