அடாப்டர் பின்னை மாற்றும், வோல்ட்டை மாற்றாது

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிய பகுதி இது. ஜூலை பிறந்துவிட்டால் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளும் பெற்றோருடன் வந்து நிற்பார்கள். "அண்ணா, அமெரிக்கா பின் ஒன்று கொடுங்கள்" என்பார்கள். எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் "எதை மாட்டப் போகிறீர்கள்?" என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. பத்தில் இரண்டு பேராவது சொல்கிற பதில் வயிற்றைக் கலக்கும்.

எந்த நாட்டில் எந்த பின் என்பதை இப்போது எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. நம் பிளக்கை வெளிநாட்டு சாக்கெட்டில் பொருத்தும் அந்த அடாப்டரை வைத்து நம் ஆட்கள் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

அடாப்டர் கரன்ட்டை மாற்றும் என்று நம்புவது

இதுதான் பெரிய தவறு. 1991-இல் நானே செய்தது.

ராயபுரத்தில் இருந்த என் தாய்மாமா கப்பலில் ஆயில்மேன். யோகோஹாமாவில் இருந்து ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். தட்டையான இரண்டு பின். நம் வீட்டு சாக்கெட்டில் நுழையாது. நான் மண்ணடிக்கு ஓடிப்போய் ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி வந்து மாட்டினேன். பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் வண்டு சுற்றுவதைப் போல ஒரு ரீங்காரமும் வந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. முதல் சரணம் முடிவதற்குள் வார்னிஷ் தீய்கிற வாடை, பின்பக்கத் துளைகளில் இருந்து மெல்லிய நீலப் புகை. பிடுங்கி எறிந்து, திறந்து பார்த்தபோது டிரான்ஸ்பார்மரின் செப்புக் கம்பி கரியாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. மாமா திட்டவில்லை. ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, "பின்னால் ஒட்டியிருப்பதைப் படித்திருக்கலாம், மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

அன்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இன்று எல்லாம் கைக்குள் இருக்கிறது, ஆனாலும் அதே தவறு தொடர்கிறது. போன தீபாவளிக்கு ஒரு அம்மா, மகள் அமெரிக்காவில் இருந்து ஆசையாகத் தூக்கி வந்த எலெக்ட்ரிக் குக்கரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு முறை மாட்டியிருக்கிறார்கள். அடியில் 120 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருந்தது. அதை நம் 230 வோல்ட்டில் போட்டால் சூடாக்கும் காயில் இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வோல்ட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆம்பியரும் இரண்டு மடங்கு. அதனால் வாட் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடும். 1000 வாட் குக்கர் 3,600 வாட்டுக்கு மேல் இழுக்கும். உள்ளே இருந்த போர்டு வெடித்து, சில்லு ஒன்று மூடியில் தெறித்திருந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறவர்களுக்கு வேறு விதமான நஷ்டம். நம் 750 வாட் மிக்ஸியை அமெரிக்காவின் 120 வோல்ட்டில் போட்டால் உடனே எரியாது. கால் பங்கு பலத்தோடு முனகும். தேங்காயைப் போட்டால் பிளேடு சிக்கி நிற்கும். நின்ற மோட்டாருக்குள் கரன்ட் போய்க்கொண்டே இருந்தால் காயில் வெந்துவிடும். வெட் கிரைண்டர் இன்னும் மோசம். அதன் மோட்டார் அந்த வோல்ட்டில் கல்லைச் சுற்றவே திணறும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும், நம் ஊரில் கரன்ட் நொடிக்கு 50 முறை அலையும் (50 ஹெர்ட்ஸ்), அங்கே 60 முறை என்பதால் கல் வேகமாகச் சுற்றும். 750 வாட் மிக்ஸிக்கு, கிளம்பும்போது இழுக்கும் கரன்ட்டையும் சேர்த்தால், 1500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். அதன் எடையைப் பெட்டியில் ஏற்றிப் பாருங்கள்! அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸியை நம் ஊர் கம்பெனிகளே செய்து விற்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சோதிக்க ஒரே வழி, பொருளின் அடியிலோ சார்ஜரின் முதுகிலோ உள்ள பொடி எழுத்தைப் படிப்பதுதான். 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் உலகில் எங்கே வேண்டுமானாலும் வெறும் அடாப்டரோடு போகலாம். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். '220–240' என்றோ '120' என்றோ மட்டும் இருந்தால், அந்த வோல்ட் இல்லாத நாட்டில் அந்தப் பொருளுக்கு அடாப்டர் போதாது. இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், கெட்டில் போன்ற சூடாகிற சாமான்களில் பெரும்பாலும் ஒற்றை வோல்ட்தான்.

பேனாவால் குத்துவது

துபாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் சதுரத் துளை சாக்கெட். மேல் துளையில் நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் கீழே இரண்டு துளைகளின் கதவு திறக்கும். குழந்தை கம்பியை விடக் கூடாது என்று வைத்த பூட்டு அது. நம் ஆட்கள் பேனாவை எர்த் துளையில் செருகி, உருண்டை டூ பின்னைத் திணித்துவிடுகிறார்கள். சதுரத் துளையில் உருண்டை பின் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடம் சூடாகும், கருகும். பிரிட்டனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே வீட்டு வயரிங் பெரும்பாலும் 32 ஆம்பியர் வளையமாக ஓடும். பொருளின் மெல்லிய ஒயரைக் காப்பாற்றுவது பிளக்குக்குள் இருக்கும் சின்ன பியூஸ்தான். டூ பின்னில் அந்த பியூஸ் கிடையாது.

எர்த்தை விட்டுவிடுவது

ஜெர்மனிக்குப் போன ஒரு பையன், லேப்டாப் மேல் கை வைத்தால் சுருக்கென்கிறது என்று போனில் அழைத்தான். த்ரீ பின் சார்ஜரை இரண்டு பின் மட்டும் உள்ள அடாப்டரில் மாட்டியிருக்கிறான். பழுது எதுவும் இல்லை, எர்த் போகவில்லை, அவ்வளவுதான். அங்கே சாக்கெட்டில் எர்த்துக்குப் பக்கவாட்டில் தகடு உண்டு. அதைத் தொடும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் ஒன்றே என்று விற்கும் டப்பாக்களில் பலவற்றுக்கு எர்த் கிடையாது.

ஆம்பியரைப் பார்க்காதது

6 ஆம்பியர் அடாப்டர் நம் ஊரில் 1380 வாட் தாங்கும். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் அதே அடாப்டருக்கு 720 வாட்தான் எல்லை.

விமான நிலையத்தில் வாங்குவது

விலை அதிகம். ஊரிலேயே வாங்குங்கள்.

இலங்கை நம் ஊர்தானே என்று போவது

பழைய கட்டடத்தில் நம் உருண்டை பின் நுழையும். புதிய கட்டடங்களில் சதுரம். அதற்கு ஒரு அடாப்டர் எடுத்துப் போங்கள்.

நான்கு அடாப்டர் வாங்குவது

ஒன்று போதும், எர்த் உள்ள நல்லதாக. கூடவே நம் ஊர் த்ரீ பின் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று. போன், லேப்டாப், கேமரா மூன்றையும் அதில் மாட்டலாம். கெட்டிலை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.